காற்று படாத பெட்டி

ஜனவரி 9

அன்பு அக்காவுக்கு,

நான் சௌக்கியம். உன் உடம்பு, மாமா உடம்பு, உங்கள் பெண், அந்தப் பெரிய மனுஷியின் படிப்பு எல்லாம் எப்படி என்று ஒரு வரியாவது எழுது. போன் செய்தால் உனக்குப் பாதி காதில் விழுவதில்லை. இருபது வருஷம் கம்ப்ரசர் பக்கத்தில் நின்ற காது. மீதிப் பாதியை மாமா தன் இஷ்டத்துக்கு மாற்றிச் சொல்கிறார். போன தடவை "வேலை மாறலாமா என்று யோசிக்கிறேன்" என்றேன். "வேலை போயிடுச்சாம்" என்று சொல்லி உன்னை அழவைத்துவிட்டார். அதனால் கடிதமே மேல்.

எனக்கு ஒரு உதவி வேண்டும்.

எங்கள் ஆய்வகம் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருப்பது உனக்குத் தெரியும். அங்கே மார்பகக் கட்டி ஆபரேஷன் நடந்தால், டாக்டர்களின் பரிசோதனைக்குப் போக மிச்சமிருக்கும் சின்னத் துண்டு எங்களுக்கு வரும். கடலை அளவுதான். அதிலிருந்து செல்களைப் பிரித்து வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்குச் சாக மறுக்கிறது என்று பார்ப்போம். எட்டு வருஷமாக இதுதான் என் வேலை. இப்போதுதான் ஒன்று உறைக்கிறது.

நாம் சுவாசிக்கிற காற்றில் நூற்றுக்கு இருபத்தொரு பங்கு ஆக்சிஜன். மார்புச் சதைக்குள் அதில் பாதிகூடக் கிடையாது. கட்டியின் நடுவில் ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே அதிகம். அங்கே மூச்சுத் திணறிப் பழகின செல்லை வெட்டி, தட்டில் வைத்து, தெருவைக் கடந்து கொண்டுவருகிறோம். கால் மணி நேரம். அதற்குள் இத்தனை காற்றைக் கண்டு அது ஆளே மாறிவிடுகிறதோ என்று எனக்குச் சந்தேகம். போலீஸ் ஜீப்பைப் பார்த்ததும் தெரு ரவுடி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நல்ல பிள்ளையாக நிற்பான் இல்லையா, அதுபோல. நாங்கள் அந்த நல்ல பிள்ளையைத்தான் இத்தனை நாள் சோதித்துக்கொண்டிருக்கிறோமோ என்னவோ.

துறைத் தலைவரிடம் சொன்னேன். "உலகம் பூரா அம்பது வருஷமா இப்படித்தான் பண்றாங்க. அவங்க எல்லாம் முட்டாளா? குடுத்த வேலையைப் பாரு" என்றார். அதற்கென்று விற்கிற கருவியை வாங்கித் தரவும் மாட்டாராம்.

எனக்குத் தேவை ஒரு பெட்டி. தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்க வேண்டும். உள்ளே நைட்ரஜனை நிரப்பி ஆக்சிஜனைக் குறைக்க வேண்டும். கையுறை வழியாகக் கையை விட்டு உள்ளேயே வேலை செய்ய வேண்டும். வெளிக்காற்று ஒரு பொட்டுகூட நுழையக் கூடாது. உனக்குத் தெரிந்து இதை யார் செய்வார்கள்?

உன் தம்பி


ஜனவரி 24

டேய் சோடாபுட்டி,

நாங்க மூணு பேரும் ஒரு குறையும் இல்லாம இருக்கோம். நீ நேரத்துக்குத் திங்கறியா? கண்ணாடிப் பவர் இன்னும் ஏறிடுச்சா?

உன் கடிதத்தை மாமாதான் முதல்ல பிரிச்சார். மூணாவது பாரா வந்ததும் காது ரெண்டும் சிவந்துபோய், மடிச்சு என் கையில குடுத்துட்டு, இல்லாத ஸ்க்ரூ டிரைவரைத் தேடப் போயிட்டார். நீ அந்த வார்த்தையை இவ்வளவு சர்வ சாதாரணமா எழுதறது எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. மருந்துக்கடையில இருமல் மருந்து கேக்கறதுக்கே என் பின்னாடி ஒளிஞ்சுக்குவே.

யார் செய்வாங்கன்னா கேக்கறே? ஊர்ல பாதி வீட்டு ஃப்ரிட்ஜுக்கு உயிர் குடுத்துட்டு இங்க ஒருத்தி உக்காந்திருக்கேன். நைட்ரஜனைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதே. ஏசி பைப்புல லீக் பாக்க வாரத்துக்கு ரெண்டு தடவை அடிக்கறேன். காத்து உள்ள வரக் கூடாது, வெளிய போகக் கூடாது, இதுதானே எனக்குத் தொழிலே?

கண்ணாடி மாதிரி இருக்கற அக்ரிலிக் தகடுல பண்றேன். ஒரு கதவு பத்தாது, ரெண்டு கதவு வேணும். கோல்டு ரூம் மாதிரி நடுவுல ஒரு சின்ன அறை. வெளிக்கதவு திறந்திருக்கறப்ப உள்கதவு பூட்டியிருக்கணும். நீ அதை யோசிச்சிருக்க மாட்டே. உன் முழங்கை அளவு, உள்ள வைக்கற சாமான் அளவு எல்லாம் படம் போட்டு அனுப்பு. சும்மா "சுமார்"னு எழுதினே, கிழிச்சுப் போட்டுடுவேன்.

உன் தலைவர் கேட்டாரே, அவங்க எல்லாம் முட்டாளான்னு. இருக்கலாம்னு சொல்லு.

ஒரு சந்தேகம். கடைக்கு வர்ற ஒரு அம்மா கேட்டாங்க. இந்தக் கட்டி வலிக்குமா, வலிக்காதா? வலிக்கலைன்னா பயப்பட ஒண்ணுமில்லைன்னு அவங்க சொல்றாங்க. சரிதானா?

குளிர் பாத்து இரு.

அக்கா


பிப்ரவரி 6

அன்பு அக்கா,

பவர் ஏறவில்லை, நானும் இளைக்கவில்லை. நீங்கள் நலமாக இருப்பது படித்து நிம்மதி. அளவுகளைத் தனித்தாளில் மில்லிமீட்டரில் போட்டிருக்கிறேன். கிழிக்காதே.

ரெண்டு கதவு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

அந்த அம்மா கேட்டதற்குப் பதில்: சரியில்லை. பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிக்காது. வலி இல்லை என்பதை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது. எல்லாக் கட்டியும் புற்று இல்லை, பாதிக்கு மேல் சாதாரணக் கட்டிதான். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது டாக்டர். நீயும் இல்லை, நானும் இல்லை. உடனே போகச் சொல்.

ஏன் அவசரம் என்று அவர் கேட்டால் இதைச் சொல். கட்டி வளர வளர அதன் நடுப்பகுதிக்கு ரத்தம் எட்டாது. மூச்சுக் கிடைக்காவிட்டால் அடங்கிப்போகும் என்றுதான் நாம் நினைப்போம். சில செல் செத்தும் போகும். சாகாததுதான் தொந்தரவு. ஆக்சிஜன் குறைந்ததும் அதற்குள் ஒரு புரதம் விழித்துக்கொள்கிறது. புது ரத்தக்குழாய் இந்தப் பக்கம் வரட்டும் என்று ஆள் அனுப்புகிறது. சர்க்கரையை வேறு விதமாக எரித்துக் காலம் தள்ளக் கற்றுக்கொள்கிறது. மருந்துக்கு மசிய மறுக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, பக்கத்துச் செல்லோடு கோத்திருந்த கையை விட்டுவிட்டு, இடம் தேடி நடக்கத் தொடங்குகிறது. முதலில் அக்குள் பக்கம். நெருக்க நெருக்க முரடாகிற சாதி அது. அதனால் நாள் கடத்துவது அதற்குத்தான் லாபம்.

நீளமாக எழுதிவிட்டேன். வாடிக்கையாளர் அம்மாவுக்கு இவ்வளவு வேண்டாம். போகச் சொன்னால் போதும்.

பெட்டி எந்த நிலையில் இருக்கிறது?

உன் தம்பி


மார்ச் 2

சோடாபுட்டிக்கு,

எல்லாரும் நடமாடிக்கிட்டு இருக்கோம். நீயும் அப்படித்தான்னு நம்பறேன். பதில் தாமதமாயிடுச்சு, வேலை.

முதல் பெட்டி உருப்படலை. மூலையில ஒட்டின இடத்துல ஊசி முனை அளவு ஓட்டை. சோப்பு நுரை தடவினா ஒரே ஒரு முட்டை விடுது. ஒண்ணுன்னா ஒண்ணு, விட்டுடலாம்னார் மாமா. மனசு கேக்கலை. உடைச்சுப் போட்டுட்டு மறுபடி ஆரம்பிச்சேன். ரெண்டாவதுல மூலையே வராம தகடைச் சூடுபண்ணி வளைச்சுட்டேன். கதவைச் சுத்தி ஃப்ரீஸர் கதவுல வர்ற ரப்பர் கேஸ்கெட். மூணு நாளா அழுத்தத்துல வச்சிருக்கேன், மீட்டர் முள் அசையலை. அடுத்த வாரம் ரயில் பார்சல்ல வரும். மாமா கட்டித் தூக்கிட்டுப் போவார், எனக்கு இப்ப வெயிட்டு தூக்கத் தோது இல்லை.

நீ எனக்கு ஒண்ணு சொல்லணும். அந்தத் துண்டை எடுக்கறீங்களே, அந்தப் பொம்பளைகிட்டக் கேக்கறீங்களா? இல்ல, மயக்கத்துல இருக்கறப்ப எடுத்து வச்சுக்கறீங்களா? அது எத்தனை நாள் உயிரோட இருக்கும்? அதுக்கப்புறம் என்ன பண்ணுவீங்க, குப்பையிலயா?

கடைக்கு வர்ற அந்த அம்மா டாக்டர்கிட்டப் போயிட்டாங்க.

அக்கா


மார்ச் 15

அன்பு அக்கா,

பெட்டி வந்துவிட்டது. சுகமாக, ஒரு கீறல் இல்லாமல். அதைச் செய்தவளும் சுகம்தானே?

நைட்ரஜன் விட்டேன். ஆக்சிஜன் மீட்டர் இருபத்தொன்றிலிருந்து இறங்கி இரண்டில் நின்றது. கதவைப் பூட்டிவிட்டு நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். அசையவில்லை. லட்சக்கணக்கில் விற்கிற கம்பெனிப் பெட்டி இப்படி நிற்குமா என்று எனக்குத் தெரியாது.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் வந்தார். நாலு பேர் இருந்தார்கள். "தொட்டியில மீனு எப்ப விடப்போறே?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் வழக்கம்போலச் சிரித்து வைத்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்து, ஏன் சிரித்தேன் என்று என்மேலேயே கோபம் வந்தது. மறுநாள் நேராக ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மாவிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். தலைவரைத் தாண்டிப் போனது இதுதான் முதல் தடவை. டாக்டரம்மா பெட்டியைத் தட்டிப் பார்த்து, "ஆபரேஷன் தியேட்டருக்குள்ள வரட்டும். ஆராய்ச்சிக்கு அனுமதி குடுக்கற கமிட்டிகிட்ட நான் பேசறேன்" என்றார்.

நீ கேட்ட கேள்வி. கேட்கிறோம். ஒரு படிவம் உண்டு. ஆறு பக்கம். பெரும்பாலானவர்கள் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள், அல்லது வீட்டு ஆள் போடச் சொல்கிற இடத்தில் போடுகிறார்கள். நான் இதுவரை ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை. எனக்கு வருவது எண் ஒட்டிய டப்பா. உன் கேள்விக்கு அப்புறம் அது உறுத்துகிறது. இந்த வாரம் நர்ஸுடன் நானும் போனேன். மூன்று பேரிடம் பேசினோம். "பெட்டியா? என்னத்துக்குப் பெட்டி?" என்று மூன்று பேரும் பயந்து மறுத்துவிட்டார்கள். எனக்கு விளக்கத் தெரியவில்லை, அக்கா. பாஷை வரவில்லை.

நேற்று மாமாவுக்குப் போன் செய்தேன். "அக்கா நல்லா இருக்கா" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் ஒரு தடவைதான் கேட்டேன்.

உன் தம்பி


ஏப்ரல் 12

அக்கா,

நாலு வாரமாகப் பதில் இல்லை. உனக்கு வேலை அதிகமாக இருந்தாலும் ரெண்டு வரி திட்டியாவது எழுதுவாய்.

உன் கடைக்கு வருகிற அந்த அம்மா எப்படி இருக்கிறார்? அவருக்கு வயது என்ன, அக்கா? எந்தப் பக்கம் கட்டி? உன் கடையில் யார் வந்து உன்னிடம் இதையெல்லாம் சொல்கிறார்கள்?

உடனே எழுது. இல்லாவிட்டால் இருபத்தைந்தாம் தேதி ரயிலேறுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

ரயிலேறாதே. இதைப் படி.

நீ கண்டுபிடிச்சிருப்பே. கடைக்கு வர்ற அம்மான்னு யாரும் இல்லை. வயசு நாப்பத்தாறு. இடது பக்கம். மார்பு. எழுதிட்டேன் பாத்தியா, கை ஒண்ணும் ஒடிஞ்சுடலை.

டிசம்பர்ல ஒரு ஹோட்டல் ஃப்ரீஸருக்குப் பின்னாடி கையை விட்டுக் குழாயைப் பிடிக்கறப்ப இடிச்சுச்சு. என்னடா கெட்டியா இருக்கேன்னு பாத்தேன். வலி இல்லை. வலி இல்லாததால இல்லைன்னே வச்சுக்கிட்டேன். உன்கிட்ட எழுதணும்னு பேனாவை எடுப்பேன். நீ அந்தச் சதையை வச்சுத்தான் பொழைக்கறே, ஆனா நீ என் தம்பி. எப்படி எழுதறது? அதனால ஒரு அம்மாவை உண்டாக்கினேன்.

உன் பிப்ரவரிக் கடிதம்தான் என்னை டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போச்சு. நெருக்க நெருக்க முரடாகும்னு எழுதியிருந்தே. அதைப் படிச்சுட்டு வொர்க்‌ஷாப்புல அப்படியே உக்காந்துட்டேன். ஊசி போட்டு எடுத்துப் பாத்தாங்க. அதேதான். மார்ச்ல உறுதியாச்சு.

அதுக்கப்புறம் இந்த வீட்ல நடந்ததைச் சொல்றேன். நாத்தனார் வந்தாங்க. வந்ததும் முதல் வேலையா ஜன்னலைச் சாத்தினாங்க. "யார்கிட்டயும் மூச்சு விடாதே. வயித்துல கட்டின்னு சொல்லிக்கலாம். நாளைக்குப் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கணும். அம்மாவுக்கு இருந்துச்சாம்னு பேசுவாங்க"ன்னாங்க. உள்ளேயிருந்து பெரிய மனுஷி வந்து, "அப்படிப் பேசற வீடு எனக்கு எதுக்கு அத்தை?"ன்னு கேட்டுட்டு ஜன்னலைத் திறந்து விட்டுட்டா. பதினேழு வயசு. எனக்கு நாப்பத்தாறு வயசு, வாயைத் திறக்கலை நான். அதுதான் அசிங்கமா இருந்துச்சு. மாமா பாவம், எல்லாத்துக்கும் தலையாட்டறார், யார் பேசினாலும்.

இப்ப முடிவு பண்ணிட்டேன். ஆபரேஷன் உன் ஆஸ்பத்திரியில, அந்த டாக்டரம்மாகிட்ட. எடுக்கறது என் பெட்டிக்குள்ள போகணும். மூணு பேர் மறுத்துட்டாங்கன்னு எழுதினியே. நான் மறுக்கலை.

அழுதுட்டு எழுது. அழாம எழுதினா தப்புத் தப்பா எழுதுவே.

அக்கா


ஏப்ரல் 27

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. நாலு மாசம். நான் எட்டு வருஷமாக ஊருக்கெல்லாம் "சீக்கிரம் போங்கள்" என்கிறேன், என் அக்கா ஃப்ரீஸருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள். அதைவிட மோசம், நீ கேள்வி கேட்டாய், நான் பாடம் நடத்தினேன். அக்குள் பக்கம் நடக்கும் என்றெல்லாம் உன்னிடமே எழுதியிருக்கிறேன். அந்தக் காகிதத்தைத் தயவுசெய்து கொளுத்திவிடு.

டாக்டரம்மாவிடம் பேசிவிட்டேன். மே இருபதாம் தேதிக்குள் வந்துவிடு. பரிசோதனைகள் முடிந்து ஜூன் முதல் வாரம் ஆபரேஷன். என் வீட்டில் தங்கலாம். ரிப்போர்ட் எல்லாவற்றையும் பிரதி எடுத்து இன்றே அனுப்பு.

பெட்டி விஷயம் வேண்டாம். நீ வைத்தியத்துக்கு வருகிறாய், சோதனைக்கு இல்லை. உன்னை டப்பாவில் எண் ஒட்டி என்னால் பார்க்க முடியாது. சொந்தக்காரரிடம் நான் சம்மதம் வாங்கவும் கூடாது, அது விதி. இதில் வாதம் பண்ணாதே.

தம்பி


மே 4

டேய்,

நான் திடமா இருக்கேன். நீ திடமா இல்லைன்னு உன் கையெழுத்தே சொல்லுது.

நீ சம்மதம் வாங்கக் கூடாதுன்னா வாங்காதே. நர்ஸம்மா வாங்கட்டும். நீ பாக்க முடியாதுன்னா பாக்காதே, வேற யாராவது பாக்கட்டும். ஆனா வேண்டாம்னு சொல்ல நீ யாரு? ஜன்னலைச் சாத்தறதுக்கு இங்கயே ஆள் இருக்கு, நீ அங்கேயிருந்து ஒண்ணைச் சாத்தாதே. என் உடம்பு, என் கட்டி, என் பெட்டி. அந்தக் கட்டியால ஒரு பிரயோஜனம் இருக்கும்னா, அதைக் குப்பையில போட நான் பைத்தியமா? அதனால எனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லைன்னும் தெரியும். உன் ஆராய்ச்சி முடியறதுக்குள்ள நான் பாட்டியாகியிருப்பேன், இல்ல போய்ச் சேந்திருப்பேன். தெரிஞ்சுதான் குடுக்கறேன்.

நேத்து கடைக் கதவுல போர்டு மாட்டினேன். நாத்தனார் "வெளியூர் போயிருக்கிறார்"னு எழுதச் சொன்னாங்க. நான் எழுதினது இது:

"மார்பகக் கட்டி ஆபரேஷன். ரெண்டு மாதம் கடை இல்லை. ஃப்ரிட்ஜ் நின்றால் என் கணவரைக் கூப்பிடாதீர்கள், அவருக்குத் தெரியாது."

மாமா அதை ரெண்டு தடவை படிச்சார். அப்புறம் உள்ள போய் ஆணி எடுத்துட்டு வந்து, காத்துல ஆடாம இருக்கக் கீழேயும் ரெண்டு ஆணி அடிச்சார். நாத்தனார் அன்னிக்கே ஊருக்குக் கிளம்பிட்டாங்க.

இன்னிக்குக் காலையில தையல்கடை அம்மா வந்தாங்க. ஃப்ரிட்ஜ் விஷயம்னு நினைச்சேன். கதவைச் சாத்தட்டுமான்னு கேட்டாங்க. "எனக்கு ஒரு வருஷமா இருக்குங்க. யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியலை." போர்டை மாட்டி ஒரு நாள்கூட ஆகலை. சாயந்திரம் நானே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்.

மே பதினெட்டாம் தேதி வண்டியில வர்றோம். ஸ்டேஷன்ல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்காதே.

அக்கா


ஜூலை 30

அன்பு அக்கா,

ஊர் போய்ச் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. கை மேலே தூக்க முடிகிறதா? வாந்தி குறைந்ததா? இரண்டாவது கீமோ ஊசிக்கு ரத்த அணுக்கள் போதும் என்று டாக்டர் சொன்னதை மாமா இந்தத் தடவை சரியாகவே சொன்னார்.

எட்டு வாரம் ஒரே வீட்டில் இருந்தும் பேசாத சிலதை இப்போது எழுதுகிறேன். எனக்கும் உனக்கும் இதுதான் வசதி.

நர்ஸம்மா உனக்குப் படிவத்தைப் படித்துக்காட்டிய அன்று நான் அறைக்கு வெளியே இருந்தேன். ஆறு பக்கத்துக்கு நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டாயாம். "எதிர்கால ஆய்வுகளுக்குப் பயன்படலாம்னா யாரோட எதிர்காலம்?" என்று கேட்டாயாம். அவர் வெளியே வந்து, "இவங்க கேட்டதை எல்லாம் நான் இனிமே எல்லாருக்கும் சொல்லிடறேன்" என்றார்.

ஆபரேஷன் அன்று மாமாவும் நானும் வராந்தா பெஞ்சில். என்னை உள்ளே விடவில்லை, விடவும் கூடாது. என்னுடன் வேலை செய்கிற பெண்தான் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனார். மாமா அது போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லீக் ஆகாதே?" என்றார்.

"ஆகாது மாமா. அக்கா செஞ்சது."

"முதல் பெட்டியில ஒரு முட்டை விட்டுச்சு. விட்டுடலாம்னு சொன்னேன். உடைச்சுட்டா." பிறகு, "அவ ஒருத்தியாவே எல்லாத்தையும் தூக்கினா. நான் பார்சல் ஒண்ணுதான் தூக்கினேன்" என்றார். அப்புறம் என் தோளில் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன். இதை அவரிடம் கேட்காதே.

இனி வேலை விஷயம். உனக்குப் பிறகு ஆறு பேர் சம்மதித்தார்கள். உன் கதையை உன் அனுமதியோடு நர்ஸம்மா சொல்லியிருக்கிறார். மொத்தம் ஏழு. ஒவ்வொருவர் துண்டையும் இரண்டாகப் பிரித்தோம். ஒரு பாதி பெட்டிக்குள்ளேயே, மறு பாதி வழக்கம்போலத் திறந்த தட்டில். எது யாருடையது என்று எனக்குத் தெரியாதபடி என் கூட வேலை செய்கிற பெண்தான் எண் போட்டார். எண்ணி முடித்த பிறகுதான் திறந்து பார்த்தேன்.

தட்டில் வைத்த பாதியில் அந்த முரட்டுக் குணம் சீக்கிரமே அடங்கியிருந்தது. விழித்திருக்க வேண்டிய புரதத்தைக் காணவே இல்லை. பெட்டிக்குள் இருந்த பாதியில் அது விழித்தேதான் இருந்தது. அதைவிட முக்கியம், தலைவர் மூன்று வருஷமாகத் தூக்கிப் பிடிக்கிற மருந்து. தட்டுச் செல்களை அது அழகாகக் கொன்றது. பெட்டிச் செல்களில் பாதிக்கு மேல் உயிரோடு நின்றன. ஏழில் ஐந்து பேருக்கு இப்படி.

கூட்டத்தில் காட்டினேன். "பெட்டியில ஏதோ கோளாறு" என்றார் தலைவர். "அந்த அஞ்சை எடுத்துட்டு மீதியைப் போடு."

"எடுக்க மாட்டேன் சார்."

"என்ன சொன்னே?"

"எடுக்க மாட்டேன். பெட்டியில கோளாறு இல்லை. உங்களுக்குச் சந்தேகம்னா இப்பவே சோப்பு நுரை கொண்டுவரேன், நீங்களே தடவிப் பாருங்க. அந்த அஞ்சு பேரும் ஆறு பக்கத்தையும் கேட்டுப் புரிஞ்சுக்கிட்டுக் கையெழுத்துப் போட்டவங்க. அவங்களை நான் அழிக்க மாட்டேன்."

என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா மட்டும் "சோப்பு நுரை கொண்டுவாங்க, பாத்துடலாம்" என்றார். தலைவர் எழுந்து போய்விட்டார். மறுநாள் என் மேஜையை ஸ்டோர் ரூமுக்கு மாற்றியிருந்தார்கள். ஜன்னல் கிடையாது. ஆனால் கதவு உண்டு, பெட்டி நுழைகிற அகலத்தில். அங்கே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வேலை நடக்கிறது.

கடைசியாக ஒன்று. எண்களைத் திறந்தபோது உன்னுடையது எது என்று தெரிந்தது. அந்த ஐந்தில் ஒன்று. உன் அக்குளில் எடுத்த நிணநீர் முடிச்சுகளில் இரண்டில் அது போய்ச் சேர்ந்திருந்தது உனக்கே தெரியும். உனக்குக் கொடுக்கிற மருந்து வேறு, அது பல வருஷம் பலருக்கு வேலை செய்த மருந்து. எங்கள் பெட்டி உன் வைத்தியத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆனாலும் இதை உன்னிடம் மறைக்க எனக்கு இஷ்டமில்லை. இந்த வீட்டில் மறைத்தது போதும்.

உன் தம்பி


நவம்பர் 18

சோடாபுட்டிக்கு,

எனக்கு முடி சுத்தமாப் போச்சு, நகம் கறுத்துடுச்சு, வாய்ல எதை வச்சாலும் ஆணி ருசி. மத்தபடி நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்கே? ஸ்டோர் ரூம்ல ஃபேனாவது போட்டாங்களா?

உன் ஜூலைக் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடலைன்னு கோபமா இருப்பே. முரட்டுக் கட்டின்னு நீ எழுதினதைப் படிச்சு ரெண்டு நாள் சுவரைப் பாத்துப் படுத்துக் கிடந்தேன். மூணாம் நாள் எழுந்திரிச்சு, சரி, அதுவும் என்கிட்டதானே வளந்துச்சு, வேற எப்படி இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். சிரிப்பு வந்துச்சு. ஊசி போட்ட வாரங்கள்ல பேனாவைப் பிடிக்க முடியலை, விரல் மரத்துப்போச்சு. இப்பக் கொஞ்சம் தேவலை.

தையல்கடை அம்மாவுக்கு எடுத்துப் பாத்ததுல சாதாரணக் கட்டிதான். அவங்க வாசல்லயே உக்காந்து அழுதாங்க. ஆனா அவங்க கூட்டிட்டு வந்த இன்னொருத்தருக்கு அப்படி இல்லை. ஆரம்பம்தான், சரியாயிடும்னு டாக்டர் சொல்றார். இதுவரைக்கும் ஒன்பது பேர் வந்துட்டாங்க. ஃப்ரிட்ஜ் சாக்கு சொல்லிக்கிட்டு வந்தவங்க இப்ப நேராவே கேக்கறாங்க. கடையில அதுக்குன்னு ஒரு ஸ்டூல் போட்டிருக்கேன். மாமா அவங்களைப் பாத்தா முன்ன மாதிரி ஓடறதில்லை. "உக்காருங்க, இவளைக் கூப்பிடறேன்"ங்கறார். போன வாரம் ஒருத்தருக்கு அவரே, "வலிக்கலைன்னு சும்மா இருக்காதீங்க, அந்தத் தப்பை நாங்க பண்ணிட்டோம்"னு சொன்னார். நான் உள்ள செம்புக் குழாய்க்குப் பிரேசிங் பத்தவச்சுக்கிட்டு இருந்தேன். அப்படியே நிறுத்திட்டேன்.

வேற ஊர் ஆய்வகத்துல இருந்து பெட்டிக்குப் படம் கேட்டு எழுதியிருக்காங்கன்னு போன்ல சொன்னியே, குடு. மறைக்கறதுக்கு என்ன இருக்கு? மூலையை வளைக்கச் சொல்லு, ஒட்டச் சொல்லாதே. கட்டுரையில "குளிர்சாதன மெக்கானிக் செய்தது"ன்னு போட்டதை உன் தலைவர் அடிச்சுட்டார்னா, மறுபடி எழுது. மறுபடி அடிச்சா மறுபடி எழுது. உனக்குப் பேனாவுக்குப் பஞ்சமா?

முந்தாநாள் ஸ்கேன் ரிசல்ட் வாங்கப் போனோம். டாக்டர் படத்தை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தார். "இப்போதைக்கு எங்கயும் எதுவும் இல்லை"ன்னார். வெளிய வந்ததும் மாமா மூஞ்சி சுருங்கிப்போச்சு. "அதென்ன இப்போதைக்கு? இல்லைன்னா இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?"ன்னு பஸ் ஸ்டாப்புல நின்னு சண்டை போடறார், டாக்டர்கிட்ட இல்லை, என்கிட்ட. நான் சொன்னேன், "உங்களுக்கு மட்டும் யாராவது எப்போதைக்கும்னு எழுதிக் குடுத்திருக்காங்களா? இந்த பஸ்ஸுல ஏறற அத்தனை பேரும் இப்போதைக்குத்தான். எனக்கு அது போதும். ஏறுங்க."

பால் டிப்போ கோல்டு ரூம்ல கம்ப்ரசர் நின்னுபோச்சாம். ஆள் வந்து வாசல்ல நிக்கறார். என் மொட்டைத் தலையைப் பாத்துட்டு, "வேற யாரும் இல்லையாம்மா?"ன்னு கேக்கறார். இல்லைன்னு சொல்லிட்டேன். டூல் பையை மாமா தூக்கிட்டார்.

உடம்பைப் பாத்துக்கோ. போயிட்டு வந்து மீதியை எழுதறேன்.

அக்கா